இருபத்துநாலு

சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலைப் பார்த்தாயிற்றா தம்பி? உட்கார், டீ சொல்கிறேன். அப்படியே செஞ்சிக்குப் போனால் திருநாதர்குன்றையும் விட்டுவிடாதே. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேர்.

சிற்பி நினைத்திருந்தால் மூன்று வரிசையில் எட்டெட்டாகவும் நான்கு வரிசையில் ஆறாறாகவும் செதுக்கியிருக்கலாம். 23 பேர் என்றால் எல்லாரும் ஒரே வரிசைதான். 25 என்றால் ஐந்துக்கு ஐந்து; அதை விட்டால் நீட்டி வைக்க வேண்டியதுதான். 24-க்கு எட்டுக் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. தன்னைவிடச் சிறிய எண்களையெல்லாம் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் இந்த ஜாதி எண்களைப் பற்றித்தான் கும்பகோணத்து ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. அதற்காகச் சமணர்கள் காரணி பார்த்துத்தான் 24-ஐப் பிடித்தார்கள் என்று கதை கட்டிவிடாதே!

இப்போது ஒரு கணக்கு. 3-ஐவிடப் பெரிய பகா எண் ஏதாவது ஒன்றை எடு. 7? அதன் வர்க்கம் 49, ஒன்றைக் கழித்தால் 48. 11 என்றால் 120. 13 என்றால் 168. எல்லாமே 24-ஆல் வகுபடும். ஏன்? வர்க்கத்தில் ஒன்றைக் கழிப்பதும், அந்த எண்ணுக்கு முந்தியதையும் பிந்தியதையும் பெருக்குவதும் ஒன்றுதான். 13-க்கு 12-உம் 14-உம். இரண்டுமே இரட்டை எண்கள். அடுத்தடுத்த இரட்டை எண்களில் ஒன்று 4-ஆல் வகுபட்டே தீரும். ஆக, பெருக்கினால் 8 வந்துவிட்டது. 12, 13, 14 என்று மூன்று எண்கள் தொடர்ந்து வந்தால் அதில் ஒன்று மூன்றின் மடங்கு. 13 பகா எண், அதனால் அது இல்லை. பக்கத்து இரண்டில் ஒன்றுதான். எட்டும் மூன்றும் சேர்ந்து 24.

“25 பகா எண் இல்லையே சார், அதுக்கு வருமா?”

வரும். 624, அதாவது 24 தடவை 26. எண் 2-ஆலும் 3-ஆலும் வகுபடாமல் இருந்தால் போதும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது பீரங்கிக் குண்டுக் கணக்கு. உச்சியில் ஒரு குண்டு, அதன் கீழே 4, அதற்கும் கீழே 9, 16 என்று சதுரம் சதுரமாக அடுக்குகிறோம். மொத்தக் குண்டுகளையும் கலைத்து, தரையில் ஒரே சதுரமாகப் பரப்ப முடியுமா? 24 அடுக்கு இருந்தால் முடியும். அடுக்கு எண்ணையும், அதற்கு அடுத்த எண்ணையும், அவை இரண்டின் கூட்டுத்தொகையையும் பெருக்கி 6-ஆல் வகுத்தால் மொத்தம் கிடைக்கும்: 24, 25, 49. ஆறு 24-ஐ நாலாக்கிவிடுகிறது. மிஞ்சுவது 4, 25, 49, மூன்றும் வர்க்கங்கள்! மொத்தம் 4900, அதாவது 70-க்கு 70.

ஒற்றைக் குண்டை விட்டால் வேறெந்த அடுக்குக்கும் இது வராது என்று 1875-இல் பிரெஞ்சுக்காரர் லூக்கா சொன்னார். முழுதாக நிரூபிக்க 1918-இல் வாட்சன் வரவேண்டியிருந்தது.

24 பரிமாணத்தில் உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் வழி எது என்பதை உக்ரைன் கணிதவியலாளர் வியாசோவ்ஸ்கா, 2016-இல் மற்ற நால்வரோடு சேர்ந்து நிரூபித்தார். அந்த அடுக்கை உருவாக்கும் ஒரு முறையில் 0, 1, 2 என 24 வரை எழுதி, கடைசியில் 70 போடுகிறார்கள்.