கோப்புகள் பெருகும்போது மென்பொருள் ஏன் விழுகிறது?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அவற்றில் ஒன்று, 2009க்குப் பின் கண்டி கலஹாவில் உள்ள உறவினரிடம் திரும்பி வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் கொடுத்த மனுக்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் அந்த வீட்டு அம்மா ஓர் உரப்பையில் வைத்திருக்கிறார். அவரைப் போன்றவர்களின் ஆவணங்களைச் சில வருடங்களாகப் படமெடுத்து வருகிறேன்.

அண்மையில் கண்டியில் என் அறையில் இருந்து, ஒரே கோப்புறையில் கிடந்த 20,000 படங்களின் அளவைக் குறைக்க ஒரு மென்பொருளை இயக்கினேன். சில நிமிடங்களில் அது தானாக மூடிக்கொண்டது. சரி, பென் டிரைவிலாவது பிரதி எடுப்போம் என்றால், பாதி இடம் மிச்சமிருக்கும்போதே அதுவும் நின்றுவிட்டது.

முதலாவதற்குக் காரணம் நினைவகம். 12 மெகாபிக்சல் படம் ஒன்று வட்டில் சுமார் 4 எம்பிதான். ஆனால் மென்பொருள் அதைத் திறக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் வேண்டும். அதாவது 36 எம்பி. பழைய 32 பிட் மென்பொருளுக்கு விண்டோஸ் வழமையாகக் கொடுப்பது 2 ஜிபி. வேலை முடிந்த படத்தை நினைவகத்திலிருந்து விடுவிக்காவிட்டால், 60 படம் தாண்டுமுன்பே இடம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, பென் டிரைவின் அமைப்பு. ஃபாட் 32 முறையில் ஒரு கோப்புறைக்கு 65,536 பதிவிடங்களே உண்டு. நீளமான பெயர் வைத்தால் 13 எழுத்துக்கு ஒன்று வீதம் மேலதிக இடம் போகும். தமிழில் பெயரிட்டால் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும்கூடத் தனித்தனியே எண்ணப்படும். என் கோப்புகளின் பெயர்கள் 40 எழுத்து. ஒவ்வொன்றும் 5 இடம் பிடித்தது. ஆகவே 13,000 கோப்புகளோடு கோப்புறை நிரம்பிவிட்டது.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தின் முகவரிகளைக் கவனித்தால் ஒரு வழி தெரியும். அங்கே ஆவணங்கள் நூறு நூறாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. 3567ஆம் ஆவணம் என்றால் 36ஆம் கோப்புறைக்குள் இருக்கும்.

நீங்களும் இப்படிச் செய்யலாம். கோப்புறைக்கு 500 படம் போதும். பெயருக்குப் பதிலாகச் சிறிய எண் கொடுங்கள். விபரத்தை வேறொரு பட்டியலில் எழுதுங்கள். மென்பொருளுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்புறையை மட்டும் கொடுங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் இந்தத் தடை பெரிதும் நீங்கும். ஆனால் மாற்றும்போது அதிலுள்ளவை எல்லாம் அழியும். முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிரதி எடுத்த பின் இரு பக்கமும் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவரும்வரை மூலத்தில் கைவைக்காதீர்கள்.

நான் எண்ணிப் பார்த்தேன். விடுபட்ட 7,000க்குள் கலஹா அம்மாவின் கடிதங்கள் முழுவதும் இருந்தன.