மொழிபெயர்ப்பில் பாரசீகம் படிக்கலாமா?

பல்கலைக்கழகத்தில் பயிலும் உங்கள் மகனோ மகளோ ஒரு மாலைப்பொழுதில் ஆங்கில நூலொன்றைக் கொணர்ந்து, "இது மௌலானா ரூமியின் மஸ்னவி, இவ்வாண்டு எங்களுக்குப் பாடம்" என்று கூறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூலைப் புரட்டுகிறீர்கள். அதில் ஒரு பாரசீக எழுத்தும் இல்லை. கற்பிக்கும் ஆசிரியருக்கும் அம்மொழி தெரியாது. அப்படியாயின் பிள்ளை படிப்பது பாரசீக இலக்கியந்தானா, அல்லது வேறொருவர் தம் விருப்பம்போல் ஆக்கித் தந்த ஒன்றா? மேடவாக்கத்திலும் அதனை அடுத்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, தாம்பரம் பகுதிகளிலும் பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பிவைத்திருக்கும் பெற்றோர்கள் உள்ளத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே.

இதற்குப் பெரியவர்கள் இருவகையாக விடை பகர்வார்கள். மூலமொழி அறியாதவனுக்கு இலக்கியம் ஏது, அது வீண் படிப்பு என்பார் ஒரு சாரார். பொருள் விளங்கினால் போதும், மொழி எதற்கு என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் பாதியளவே உண்மை உண்டு. மொழிபெயர்ப்பில் படிப்பது வீணன்று. ஆனால் மூலத்திற்கும் நமக்கும் இடையே நிற்பவர் யார் என்று அறியாமல் படிப்பது தீங்கு. நம்முள் சிலரேனும் மூலமொழியைச் சென்று அடையாவிடில், நாம் இழப்பது கவிதைச் சுவையை மட்டுமன்று. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்குப் பழகிய வழி

மொழிபெயர்ப்பின் துணைகொண்டு கற்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடிய வரலாற்றை நினைவுகூருங்கள். புலவர் தமிழில் கடல். எனினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை அரபு நூல்களிலிருந்து தாமே எடுத்துப் பாடவில்லை. மார்க்க அறிஞர்களை நாடிச் சென்று, அவர்கள் எடுத்துரைத்த வரலாற்றைக் கேட்டறிந்தே பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் அவர்கள் அவருக்கு உரை வழங்கினார்கள் என்று அச்செய்தி கூறுகிறது. அறிஞர் ஒருவரின் துணையோடு பெற்ற பொருள், தமிழில் ஒரு காப்பியமாக மலர்ந்தது. ஆகவே பெயர்ப்பின்வழிக் கற்பவரை இகழ நமக்கு உரிமையில்லை. அருகில் அறிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

பாரசீகமும் நமக்கு அயலான் வீட்டுப் பொருளன்று. ஐவேளையும் நாம் கேட்கும் 'பாங்கு' என்னும் சொல் பாரசீகம். குரல், அழைப்பு என்பது அதன் பொருள். 'தர்கா' பாரசீகம். நாகூரில் ஆண்டுதோறும் எடுக்கும் 'கந்தூரி'யும் பாரசீகமே. உணவு பரிமாற விரிக்கும் விரிப்பை முதலில் குறித்து, பின்னர் விருந்தைக் குறிக்கலாயிற்று. தொழுகை நடத்தும் 'பேஷ் இமா'மின் முதற்சொல்லும், நம் முன்னோர் பாடிய 'நாமா' என்னும் இலக்கிய வகையின் பெயரும் அவ்வாறே. பள்ளிவாசலோடு இது நின்றுவிடவில்லை. 'தாசில்தார்' என்பதன் 'தார்', 'ஜமாபந்தி' என்பதன் 'பந்தி' ஆகியவை பாரசீக ஈறுகள். மனு எழுதிக்கொண்டு ஜமாபந்திக்குச் செல்லும் எளிய உழவரும் தம்மை அறியாமல் பாரசீகம் பேசுகிறார்.

சேப்பாக்கம் சொல்லும் கதை

மேடவாக்கத்திலிருந்து பேருந்தில் வேளச்சேரி சென்று, பறக்கும் ரயிலில் ஏறினால் சேப்பாக்கத்தில் இறங்கலாம். அங்கே 1768இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா எழுப்பிய அரண்மனை நிற்கிறது. அந்த அவையின் எழுத்து மொழி பாரசீகமாகவே இருந்தது. அருகில் திருவல்லிக்கேணியில் 1795ஆம் ஆண்டைச் சேர்ந்த வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது. அதன் கல்வெட்டில் ஆண்டைக் குறிக்கும் தொடரை அமைத்தவர் நவாபின் அவையில் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகனார். இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்னும் பொருள்பட அமைந்த அரபுத் தொடர் அது. அதன் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும், கூட்டிப் பாருங்கள். பள்ளிவாசலின் ஆண்டைப் பொறிக்க இந்துப் புலவர் ஒருவரை நாடும் அளவுக்கு அக்கல்வி சமயம் கடந்து விளங்கியது.

1801இல் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குச் சென்றது. 1837இல் கம்பெனி பாரசீகத்தை ஆட்சிமொழி நிலையிலிருந்து விலக்க வழிசெய்தது. 1855இல் நவாப் பட்டமும் முடிவுற்றது. மொழி மங்கியது, ஏடுகள் மட்டும் எஞ்சின.

அவ்வேடுகளுக்கு உயிரூட்டியது ஒரு பல்கலைக்கழகம் என்பதை நீங்கள் அறிய வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927இல் அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றிற்கென ஒரு துறை தொடங்கப்பெற்றது. அதன் தலைவராக விளங்கிய பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள், புர்ஹான் இப்னு ஹசன் பாரசீகத்தில் எழுதிய 'துஸுகே வாலாஜாஹி' என்னும் வரலாற்று நூலை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார்கள். அதன் முதற்பகுதி 1934இல் வெளிவந்தது. அவ்வரிசையில் 1950இல் வந்த நூல், நவாப் அஃழம் ஜாஹ் 1823இல் சென்னையிலிருந்து நாகூருக்கு மேற்கொண்ட பயணத்தைக் கூறுவது. நம் மண்ணின் ஊர்களையும் பள்ளிகளையும் அடக்கத்தலங்களையும் பற்றிய அச்செய்திகள், பாரசீகம் அறிந்த ஒருவர் பொறுமையுடன் அமர்ந்திராவிடில் நமக்குக் கிட்டியிரா. இன்று அக்காலத்தை ஆராய்பவர்கள் நயினார் அவர்களின் பெயர்ப்பையே கையாள்கின்றனர். நல்ல மொழிபெயர்ப்பின் பயன் இதுவே.

இடையில் நிற்பவர் யார்?

எல்லாப் பெயர்ப்பும் இவ்வாறு அமைவதில்லை. உமர் கய்யாமை எடுத்துக்கொள்ளுங்கள். நைஷாபூரில் 1048இல் பிறந்த அவர் பெரும் கணித அறிஞர். முப்படிச் சமன்பாடுகளை ஆராய்ந்தவர். 1079இல் ஜலாலி நாட்காட்டியை வகுத்த வானியலாளருள் ஒருவர். ஆனால் உலகம் அறிந்த கய்யாம் மதுக்கிண்ணமும் கையுமாக மரநிழலில் சாய்ந்திருப்பவர். இந்த உருவத்தை உலகெங்கும் பரப்பியவர் ஆங்கிலேயரான எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு. அவர் 1859இல் 75 பாடல்களை வெளியிட்டார். ஒரு பாடலைப் பிளந்தும், இரண்டை இணைத்தும், தம் போக்கில் வரிசைப்படுத்தியும் அவர் ஆக்கியது அந்நூல். தாம் உரிமை எடுத்துக்கொண்டதை அவர் மறைக்கவுமில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் இனிய தமிழில் தந்த உமார் கய்யாமும் அந்த ஆங்கில நூலின் வழியே வந்ததுதான். கவிமணியின் தமிழ் அமுதம், அதில் ஐயமில்லை. எனினும் அதனைப் படித்துவிட்டு நைஷாபூர்க் கய்யாமின் மார்க்கத்தையும் ஒழுக்கத்தையும் தீர்ப்பிடுவது முறையாகுமா? அப்பாடல்களுள் எத்தனை உண்மையில் அவருடையவை என்பதே அறிஞரிடையே வழக்காக இருக்கும்போது?

மௌலானா ரூமிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. மஸ்னவி ஆறு பாகங்களையும் ஏறத்தாழ 25,000 ஈரடிகளையும் கொண்டது. திருக்குர்ஆன் வசனங்களும் நபிமொழிகளும் அதன் ஊடும் பாவுமாக உள்ளன. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கல்சன் 1925 முதல் 1940 வரை உழைத்து, மூலம், பெயர்ப்பு, விளக்கம் என எட்டுத் தொகுதிகளாக அதனை வெளியிட்டார். இன்றோ கடைகளில் மிகுதியாக விற்பது கோல்மன் பார்க்ஸ் என்னும் அமெரிக்கக் கவிஞரின் நூல்களே. பாரசீகம் அறியாத அவர், பிறருடைய ஆங்கிலப் பெயர்ப்புகளை எடுத்துப் புதுக்கவிதையாக்கினார். அவ்வாறு ஆக்குகையில் இஸ்லாமியக் குறிப்புகள் பல மறைந்துபோயின என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். கய்யாமுக்கு மதுக்கிண்ணத்தை மிகுதியாகக் கொடுத்தார்கள். ரூமியிடமிருந்து தொழுகை விரிப்பை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் பெயர்ப்பாளரின் கைவண்ணமே.

வேறொரு நுட்பமும் உண்டு. பாரசீகத்தில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் 'ஊ' என்னும் ஒரே சொல்தான். கவிஞர் 'ஊ' என்று கூறும்போது அது காதலியா, ஆசானா, அனைத்தையும் படைத்தவனா என்பதைக் கற்பவரே உய்த்துணர வேண்டும். ஆங்கிலத்திலோ தமிழிலோ பெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அவர் 'அவள்' என்று எழுதிய அக்கணமே இறைக்காதல் மனிதக் காதலாகச் சுருங்கிவிடக் கூடும். மது, மதுச்சாலை, கூந்தல் ஆகியவற்றின் உட்பொருளையும் விளக்கி மஹ்மூத் ஷபிஸ்தரி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'குல்ஷனே ராஸ்' என்னும் நூலை வினாவிடை முறையில் இயற்றினார். இத்தகைய குறியீடு நமக்கு விளங்காததன்று. இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் மனோன்மணியை விளித்துப் பாடியதை எவரும் மங்கை ஒருத்திக்குப் பாடியதாகக் கொள்வதில்லை அன்றோ? மஸ்தான் சாகிபுக்கு அளிக்கும் நியாயத்தை ஹாபிஸுக்கும் அளிப்போம்.

சிலரேனும் கற்க வேண்டும்

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். ஏறத்தாழ அரைமாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார். வரும் மடல்களைப் படித்துக் காட்டினார், மறுமொழியும் எழுதினார். அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. சிந்தித்துப் பாருங்கள்: எல்லாத் தோழர்களும் அம்மொழியைக் கற்கவேண்டும் என்று அண்ணலார் கூறவில்லை. ஆயினும் நம்பிக்கைக்குரிய ஒருவராவது நேரே படிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

இத்தேவை நமக்கும் உண்டு. நவாபுகள் காலத்தில் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் அளிக்கப்பெற்ற மானியங்களின் சனதுகள் பாரசீகத்தில் எழுதப்பட்டவை. வக்பு நிலத்துக்கு வழக்கு வரும் நாளில், ஒரு ஜமாஅத் தன் பேழையிலுள்ள தஸ்தாவேஜைத் தானே படிக்க இயலாமல், எவரோ எழுதித் தரும் பெயர்ப்பை நம்பி நீதிமன்றத்தில் நிற்பது எத்தகைய அவலம்! எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் பாரசீக ஏடுகள் காத்திருக்கின்றன. அவற்றை அணுகத் தமிழும் பாரசீகமும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளையன்றி வேறு யார் அதற்கு வருவார்?

இது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. மக்தபில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைக்கு அரபு எழுத்துகள் 28உம் ஏற்கெனவே தெரியும். பாரசீகத்துக்கு 'பே', 'சே', 'ழே', 'காஃப்' என நான்கு எழுத்துகளே கூடுதல். தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். பால் வேறுபாட்டின் தொல்லையும் இல்லை.

எனவே, வாசகப் பெருமக்களே, பிள்ளையின் கையிலுள்ள அந்த ஆங்கில நூலைப் பிடுங்காதீர்கள். அதனருகில் அமர்ந்து நான்கு வினாக்களைக் கேளுங்கள். இதனைப் பெயர்த்தவர் யார்? மூலத்திலிருந்து பெயர்த்தாரா, பிறிதொரு பெயர்ப்பிலிருந்தா? எதையெல்லாம் விட்டதாக முன்னுரையில் கூறுகிறார்? குர்ஆன் வசனமும் ஹதீஸும் வருமிடங்களில் குறிப்பு எழுதியிருக்கிறாரா? ஒரே பாடலுக்கு இருவர் செய்த பெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவை வேறுபடும் இடத்தில்தான் மூலநூல் கதவைத் தட்டுகிறது. அத்தட்டலைக் கேட்டு ஆர்வம் கொள்ளும் பிள்ளை பத்தில் ஒன்றாக இருப்பினும் போதும். அதனை அரபு, பாரசீகத் துறைக்கு அனுப்பிவையுங்கள். ஆணென்றும் பெண்ணென்றும் பாராதீர்கள்.

மொழிகள் வேறுபட்டிருப்பதும் இறைவனின் சான்றுகளுள் ஒன்று என்று அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் உணர்த்துகிறது. அச்சான்றினைக் கற்றறிந்து, முன்னோர் விட்டுச் சென்ற ஏடுகளைத் தாமே படிக்கும் தலைமுறையை வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் தோற்றுவிப்பானாக! ஆமீன்.