தோன்யா சிசாங்கின் ஸ்டூடியோ

நிலபுலனும் நெல் வியாபாரமுமாக இருந்த ஒரு கைம்பெண், 61 வயதில் சினிமாவுக்கு வந்தார். பெயர் நார்சிசா டி லியோன். பிலிப்பைன்ஸ் சினிமாக்காரர்களுக்கு அவர் தோன்யா சிசாங். 1938ல் மூன்று குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு அவற்றின் முதலெழுத்துகளையே பெயராக வைத்தார்கள்: எல்.வி.என். பிக்சர்ஸ். முதல் படம் ‘கிலியு கோ’, 1939.

கோடம்பாக்கத்து லேப் ஒன்றில் நெகடிவ் கட்டிங் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எந்தக் கம்பெனியின் கதையைக் கேட்டாலும், நட்சத்திரப் பட்டியலை விட்டுவிட்டு லேப் சொந்தமா, ஒலிப்பதிவு எங்கே, சாப்பாடு யார் போடுவார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். எல்.வி.என். வளர்ந்த வழி இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் தன் கைக்குள்ளேயே வைத்திருந்த கம்பெனி அது.

1941ல் ‘இபோங் அதர்னா’. நோயுற்ற ராஜாவைப் பாடியே குணமாக்கும் பறவையின் கதை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பகுதியை மட்டும் வண்ணத்தில் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து லேப்காரர்களின் உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. பிறகு ஜப்பானியர் வந்தார்கள், படத்தொழில் படுத்தது. 1946ல் மறுபடி எழுந்தது.

ஐம்பதுகள்தான் உச்சம். நாட்டுப்புறக் காதலும் ராஜா ராணிக் கதைகளும் கல்லா நிரப்ப, லாம்பெர்டோ அவெலானா போன்ற இயக்குநர்களுக்கு வேறு வகைப் படம் எடுக்கவும் இடம் கிடைத்தது. அவருடைய ‘அனாக் தலிதா’ (1956), போரில் நொறுங்கிய மணிலாவின் தேவாலய இடிபாடுகளுக்குள் குடியிருக்கும் ஏழைகளைப் பற்றியது. கொரியப் போரிலிருந்து திரும்பும் சிப்பாயாக டோனி சாந்தோஸ், அங்கே அவன் சந்திக்கும் பெண்ணாக ரோசா ரோசால். இடிந்த சுவர்களுக்கு செட் போட வேண்டியிருக்கவில்லை, ஊரே அப்படித்தான் கிடந்தது. ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனியின் பெயரைக் காப்பாற்ற இந்த ஒரு படமே போதும்.

நட்சத்திரங்களை விட்டு வாத்தியக்காரர்களையும் பார்க்க வேண்டும். படங்களுக்கு வாசித்தவர்கள் சங்கம் வைத்துப் பேச வந்தபோது, எல்.வி.என்னும் போட்டிக் கம்பெனிகளும் ‘இவர்கள் எங்கள் ஊழியர்களே அல்ல’ என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒலிப்பதிவுக்கு வர அழைப்புச் சீட்டு கொடுப்பது, வண்டி அனுப்புவது, இரவுச் சாப்பாடு போடுவது, எப்படி வாசிக்க வேண்டும் என்று படத்தின் இயக்குநர் சொல்வது, இவை எல்லாம் சாட்சியாக நின்றன. ஊழியர்களே என்று 1961 ஜனவரியில் தீர்ப்பானது. எவ்வளவு நியாயமான தீர்ப்பு!

அதே வருடம் எல்.வி.என். படத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. செலவு ஏறிவிட்டது, நட்சத்திரங்களும் தனித்தனியாகக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். ஆனால் லேப் நிற்கவில்லை. பிறர் எடுத்த படங்களைக் கழுவிப் பிரதி போட்டு 2005 வரை ஓடியது.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் பழைய பிலிம் டப்பாவைத் திறந்தால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்தால் உரிந்து வரும். மணிலாவும் அப்படிப்பட்ட ஊர்தான். போருக்கு முந்தைய பிலிப்பைன்ஸ் படங்களில் இன்று மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றில் ‘கிலியு கோ’வும் ‘இபோங் அதர்னா’வும் உண்டு.

தோன்யா சிசாங்கின் பேரன் மைக் டி லியோன் இந்த ஸ்டூடியோச் சூழலில் வளர்ந்தவர். லினோ ப்ரோக்கா இயக்கிய, மணிலாவைப் பற்றிய ஒரு படத்தை 1975ல் தயாரித்து, ஒளிப்பதிவும் செய்தார். அதன் மூல நெகடிவ் லண்டனில், பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தில் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டுதான் படத்தைப் புதுப்பித்து 2013ல் கான் விழாவில் திரையிட்டார்கள்.