துணி காயப் போடவா சைக்கிள்?
வேலைக்கும் உலாவுக்கும் ஏற்றதைப் பார்த்து வாங்குவது எப்படி?

அம்பத்தூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அண்ணா நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார்.

ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப்படியின் அடியில் ஒரு சைக்கிள் நின்றது. புத்தம் புதிய சைக்கிள்! மோட்டார் சைக்கிளுக்குப் போடுவதைப் போலத் தடித்த டயர். முன்னால் ஒரு ஸ்பிரிங். பின்னால் ஒரு ஸ்பிரிங். 21 கியர். பளபளக்கும் சிவப்பு வர்ணம்.

ஹாண்டில்பாரில் ஈரத் துண்டு ஒன்று தொங்கியது. சீட்டின் மேல் குழந்தையின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது!

"என்ன இது? சைக்கிளை ஓட்டுவதில்லையா?" என்று கேட்டேன்.

நண்பர் பேசவில்லை. அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"அதை ஏன் கேட்கிறீர்கள் அண்ணா! ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பு வியர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சீட்டுப் பணம் 18 ஆயிரம் ரூபாயை எடுத்து இதை வாங்கினார். மூன்று வாரம் ஓட்டினார். முழங்கால் வலி வந்தது. அப்புறம் தொடவே இல்லை."

18 ஆயிரம் ரூபாய்! மாதச் சம்பளக்காரருக்கு அது சிறிய தொகையா? பணம் போனதுகூடப் பெரிதல்ல. டாக்டர் சொன்ன பேச்சும் வீணாகப் போயிற்று.

இப்படித் துணி காயும் சைக்கிள்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன! உங்கள் வீட்டுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

தவறு எங்கே?

நண்பர் வாங்கியது கெட்ட சைக்கிள் அல்ல. நல்ல சைக்கிள்தான். ஆனால் அது கல்லும் மேடும் நிறைந்த மலைப் பாதைக்காகச் செய்யப்பட்டது. அம்பத்தூரில் மலை ஏது?

தார் ரோட்டில் தடித்த டயர் இழுக்கும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கிவிடும். எடையும் கூடுதல். நாள்தோறும் போக 8 கிலோ மீட்டர், வர 8 கிலோ மீட்டர். உடம்பு எப்படித் தாங்கும்?

"கடையில் நின்றவற்றில் இதுதான் பார்க்க நன்றாக இருந்தது சார்" என்றார் நண்பர்.

அதுதான் தவறு! சைக்கிளைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. காலும், போகிற பாதையும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று ரகம்

கியர் சைக்கிள்களில் முக்கியமாக மூன்று ரகம் உண்டு.

முதலாவது, பந்தய ரகம். கைப்பிடி ஆட்டுக்கொம்பு போல் வளைந்திருக்கும். டயர் மெலிந்திருக்கும். குனிந்துதான் ஓட்ட வேண்டும். காற்றைப் போல் பறக்கும். ஆனால் நம் ஊர்க் குழிகளில் விழுந்தால் டயருக்கும் ஆபத்து, இடுப்புக்கும் ஆபத்து.

இரண்டாவது, மலை ரகம். இது 1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பகுதியில் பிறந்தது. நண்பர் வாங்கியது இதுதான்.

மூன்றாவது, கலப்பு ரகம். இதை 'ஹைப்ரிட்' என்று கடைக்காரர்கள் சொல்லுவார்கள். 1980-களின் பிற்பகுதியில் இது பரவியது. பந்தய சைக்கிளைப் போலப் பெரிய, லேசான சக்கரம். மலை சைக்கிளைப் போல நேரான கைப்பிடி. டயர் இரண்டுக்கும் நடுத்தரம். நிமிர்ந்து உட்காரலாம். ரோட்டில் எதிரே வருவது தெரியும்.

வாரத்தில் ஐந்தாறு நாள் வேலைக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ உலாப் போகவும் ஒரே சைக்கிள் வேண்டுமா? உங்களுக்கு ஏற்றது இந்த மூன்றாவது ரகம்.

நம் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் உழைக்கிற சைக்கிள்தான். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி, இதே அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்து ஊர் ஊராக அனுப்பியது. பால்காரருக்கும் தபால்காரருக்கும் அந்த ரகம் கை கொடுத்தது. கேரியரில் மூட்டை ஏற்றலாம். ஆனால் எடை சுமார் 20 கிலோ. கியர் கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போக அது போதும். தினம் 16 கிலோ மீட்டருக்கு, லேசான சைக்கிள் இருந்தால் நல்லது.

அளவு முக்கியம்!

சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறோம். செருப்பு வாங்கும்போது போட்டுப் பார்க்கிறோம். சைக்கிளை மட்டும் பார்த்தவுடன் வாங்கிவிடுகிறோம்!

சைக்கிளுக்கும் அளவு உண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒரே மாடலிலேயே மூன்று அளவு வரும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஆகையால் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு இரு பக்கமும் காலைப் போட்டு நில்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். கம்பி இடித்தால் அந்த சைக்கிள் உங்களுக்குப் பெரியது.

பிறகு சீட்டில் உட்காருங்கள். கைப்பிடியைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டி எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் முதுகு வலிக்கும்.

முழங்கால் ஏன் வலித்தது?

நண்பருக்கு முழங்கால் வலி வந்ததற்குக் காரணம் வயது அல்ல. சீட்டின் உயரம்தான்!

உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்காக சீட்டைக் கீழே இறக்கிவிட்டார். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமாக மடங்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான மிதி. வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான உயரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒருவரை சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம். அப்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் வேண்டும்.

நண்பருடைய பழைய சைக்கிளிலேயே இதைச் செய்து பார்த்தோம். ஒரு வாரத்தில் வலி பெரும்பாலும் குறைந்துவிட்டது! உங்கள் வீட்டிலும் சைக்கிள் சும்மா நிற்கிறதா? புதியது வாங்குவதற்கு முன் சீட்டை உயர்த்திப் பாருங்கள். காசு செலவில்லை.

வலி குறைந்தது. ஆனால் சைக்கிளின் கனம் குறையவில்லையே! "அலுவலகம் போய்ச் சேருவதற்குள் அலுத்துவிடுகிறது" என்றார் நண்பர். அதை விற்றுவிட்டுக் கலப்பு ரகம் வாங்குவது என்று முடிவு செய்தார். கடைக்கு நானும் கூடப் போனேன்.

21 கியர் வேண்டுமா?

"21 கியர் இருக்கிறது சார்!" என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

கடை ஓரத்தில் ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்துக்குக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்கி, "தம்பி, வீடு எங்கே, வேலை எங்கே?" என்று கேட்டார்.

சொன்னோம்.

"வழியில் ஏற்றம் என்றால் பாலம்தானே? 7 கியர் போதும் தம்பி" என்றார்.

அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். 21 கியர் என்றால், முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 பல்சக்கரம். மூவேழு இருபத்தொன்று. பல சைக்கிள்களில் முன்சக்கரங்களுக்கு 28, 38, 48 பற்கள் இருக்கும். பின்சக்கரங்களுக்கு 14 முதல் 28 வரை இருக்கும்.

முன்னால் 48, பின்னால் 24 போட்டால் என்ன ஆகும்? பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 2 சுற்று சுற்றும். முன்னால் 28, பின்னால் 14 போட்டாலும் அதே 2 சுற்றுதான்! இப்படி ஒன்றுக்கொன்று சமமானவை, கிட்டத்தட்டச் சமமானவை பல உண்டு. எண்ணிக்கையில் 21. பயனில் அவ்வளவு இல்லை.

ஊட்டி, ஏற்காடு போன்ற மலையூர்க்காரர்களுக்கு முன்னால் சிறிய பல்சக்கரம் கட்டாயம் வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஏழும் இருந்தாலே போதும். ரிப்பேரும் குறைவு.

இன்னொன்றும் கவனியுங்கள். கியர் இருக்கிறதே என்று கனமான கியரில் போட்டு அழுத்தி மிதிக்காதீர்கள். அதுவும் முழங்காலுக்குக் கெடுதல். லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் எண்கள் இருக்கும். '700 x 38' என்று இருந்தால், இரண்டாவது எண்தான் டயரின் அகலம். அதாவது 38 மில்லி மீட்டர். பந்தய சைக்கிளில் இது பெரும்பாலும் 25, 28 என்று இருக்கும். மலை சைக்கிளில் 50-ஐத் தாண்டும். நம் ரோடுகளுக்கு 35 முதல் 42 வரை ஏற்றது. குழியையும் தாங்கும், இழுக்கவும் இழுக்காது.

எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். காற்று குறைந்தால் மிதிப்பது கஷ்டம், பஞ்சரும் எளிதில் ஆகும். வாரம் ஒரு முறை பாருங்கள்.

வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்றுப் பிடிக்கலாம். அதிகமாக ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால்?

வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு மட்கார்டு அவசியம். இல்லையேல் ஐப்பசி மழையில் சட்டையின் முதுகெல்லாம் சேறுதான்! பல ஹைப்ரிட் சைக்கிள்கள் மட்கார்டும் கேரியரும் இல்லாமலே வருகின்றன. அவற்றைப் பொருத்துவதற்கான திருகுத் துளைகள் பிரேமில் இருக்கின்றனவா என்று வாங்குமுன் பாருங்கள். துளை இல்லாவிட்டால் பிறகு தொல்லை.

பிரேக் இரண்டு விதம். ரிம்மைக் கட்டை பிடிக்கிற பிரேக் ஒன்று. நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் மற்றொன்று. மழையில் டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ரிம் பிரேக்குக்குச் செலவு குறைவு. தெருக்கோடி கடையிலும் சரி செய்வார்கள். இரண்டில் எதுவானாலும் இரண்டு கையும் அழுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியக் கலவையில் செய்த பிரேம் துருப்பிடிக்காது. எடையும் குறைவு. மாடியில் குடியிருப்பவர்கள் கடையிலேயே ஒரு முறை தூக்கிப் பாருங்கள்!

பெண்களுக்கு எது?

நண்பரின் மனைவியும் கூட வந்திருந்தார். "எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் புடவையோடு அந்தக் கம்பியைத் தாண்ட முடியாதே!" என்றார்.

குறுக்குக் கம்பி தாழ்ந்த ஹைப்ரிட் சைக்கிளும் உண்டு. புடவை, சுடிதார் எதுவானாலும் ஏறலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் அது நல்லது. செயினுக்கு மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி சிக்கும்.

கம்பி இருந்தால் பெண்கள் ஓட்ட முடியாது என்பதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

பணம் எவ்வளவு?

கையிலுள்ள பணம் முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். பூட்டு, தலைக்கவசம், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, மணி, மட்கார்டு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று ஆயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து இலவச சர்வீஸ் உண்டா என்றும் கேளுங்கள். புதிய சைக்கிளின் கம்பிகள் ஓட ஓடத் தளரும். ஒரு முறை முடுக்கித்தான் ஆக வேண்டும்.

மெதுவாகத் தொடங்குங்கள்

நண்பர் 7 கியர் ஹைப்ரிட் ஒன்றை வாங்கினார். ஸ்பிரிங் கிடையாது. சாம்பல் வர்ணம். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் கூட்டம் இல்லாத காலை நேரத்தில், அலுவலகம் வரை போய்த் திரும்பினார். வழியில் குழி எங்கே, பாலம் எங்கே என்று பார்த்துக்கொண்டார். முதல் வாரம் இரண்டு நாள். அடுத்த வாரம் மூன்று நாள். இப்போது தினமும் போகிறார். 8 கிலோ மீட்டருக்கு அரை மணி நேரம் ஆகிறது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தையும் சேர்த்தால், முன்பும் அதே நேரம்தான் ஆயிற்று!

டாக்டர் கொடுத்த மருந்தை அவர் நிறுத்தவில்லை. டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக் கூடாது. "ஆனால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது சார்" என்றார்.

சென்ற வாரம் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியின் அடியில் சைக்கிள் இல்லை. நண்பரும் இல்லை. மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புழல் ஏரிப் பக்கம் போயிருந்தார்.

துணியெல்லாம் மொட்டை மாடியில், கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.