ஓடும் கார் திடீரென நின்றால்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? விற்கும்போது சொல்ல வேண்டுமா?

சென்ற மாதம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், என் காரு நல்லாத்தான் ஓடுது. ஆனா மாசத்துல ரெண்டு மூணு தடவ, ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆஃப் ஆயிடுது. அரை மணி நேரத்துக்கு எவ்வளவு செல்ஃப் அடிச்சாலும் ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும். மூணு மெக்கானிக் பார்த்தாச்சு. பேசாம வித்துடலாம்னு இருக்கேன். வாங்குறவரு ஓட்டிப் பாத்துத்தானே வாங்கப்போறாரு, நானா சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டும். அதன் சட்ட விளக்கத்தைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், அந்தக் காரில் இன்றைக்கும் அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் வயதான உம்மாவும்தான் போய் வருகிறார்கள். அடுத்தவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதைவிட இது அவசரமான விஷயம்.

கார் ஓடும்போது இஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் திடீரென்று கனத்துவிடும். பிரேக்கிற்கு உதவும் வெற்றிடம் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கு மட்டுமே மிச்சமிருக்கும். அதன்பின் பிரேக் கல் போல இறுகும். பிரேக் இல்லாமல் போய்விடவில்லை, பலம் கொடுத்து மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். பதறிப்போய் விட்டு விட்டு மிதிப்பவர் அந்த மிச்சத்தையும் தீர்த்துவிடுவார். எனவே ஹஸார்ட் விளக்கைப் போட்டு, இருக்கிற வேகத்திலேயே ஓரம் கட்டி, பிரேக்கை ஒரே அழுத்தாக மிதித்து நிறுத்த வேண்டும். கார் நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது, உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ரயில்வே கேட்டில் நின்றுவிட்டால் காரைத் தள்ளிப் பார்ப்பது இரண்டாவது வேலை. முதலில் உள்ளே இருப்பவர்களை இறக்கித் தண்டவாளத்தை விட்டு விலக்க வேண்டும். இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும், பெண்களுக்கும், ஒருமுறை சொல்லி வையுங்கள்.

மூன்று மெக்கானிக்குகளும் என்ன செய்தார்கள் என்று அவரிடம் கேட்டேன். முதலாமவர் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். இரண்டாமவர் பேட்டரியை மாற்றினார். மூன்றாமவர் டேங்கில் உள்ள பெட்ரோல் பம்பையே மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கார் பத்து நாள் ஒழுங்காக ஓடியது. மாதத்தில் இரண்டு முறை மட்டும் வரும் கோளாறு பத்து நாள் வராமலிருந்தால் அது எதற்கும் ஆதாரம் ஆகாது. ஆனாலும் அந்தப் பத்து நாள்தான் ஒவ்வொரு முறையும் "சரியாயிடுச்சு" என்ற நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறது.

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார் அவர்களிடம் வந்து சேரும்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நோய் இல்லாத நேரத்தில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் போலத்தான் அவர்கள் நிலை. கோளாறு இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் காரின் பக்கத்தில் நிற்பவர் உரிமையாளர்தான். சாட்சியத்தைச் சேகரிக்க வேண்டியவரும் அவர்தான்.

பிரித்துப் பார்த்து நீக்குதல்

மத்ரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு 'ஸப்ர் வ தக்ஸீம்' தெரிந்திருக்கும். ஒரு சட்டத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் வரிசைப்படுத்துவது, பிறகு பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சுவதைக் காரணமாகக் கொள்வது. மது ஹராமாக இருப்பதற்கு அதன் நிறம் காரணமா, திரவமாக இருப்பதா, திராட்சையில் செய்யப்பட்டதா, போதை தருவதா? திராட்சைச் சாறு ஹலால், நிறமுள்ள பானங்கள் ஹலால், தண்ணீரும் திரவமே. எஞ்சுவது போதை. இதோடு இணைந்து வருவது 'தவரான்': காரணம் இருக்கும்போது சட்டம் இருக்கிறதா, அது போனதும் சட்டமும் போகிறதா என்று பார்ப்பது. அதே மது தானாக வினிகராக மாறிப் போதை நீங்கினால் ஹலாலாகிவிடுகிறது அல்லவா?

கார் கோளாறைத் தேடவும் இதைவிட நல்ல முறை இல்லை. பெட்ரோல் இஞ்சின் ஓட எரிபொருள், காற்று, தீப்பொறி, நல்ல அழுத்தம், இவை சரியான நொடியில் சேருவது ஆகியவை வேண்டும். காற்றும் அழுத்தமும் திடீரென்று அறுந்து அரை மணி நேரத்தில் தானாகத் திரும்பி வருவது அரிது. எனவே எரிபொருள், தீப்பொறி, நேரம் சொல்லும் சென்சார், இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் ரிலேயும் வயரும் என்று பட்டியல் சுருங்கிவிடுகிறது.

கார் நின்றதும் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதா என்பது. சுற்றவே இல்லை, அல்லது 'டிக்' என்ற சத்தத்தோடு விளக்குகள் மங்குகின்றன என்றால் பேட்டரி, அதன் டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் இவற்றில் தேட வேண்டும். டெர்மினல் கையால் அசைத்தால் ஆடுகிறதா, பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் வழக்கம்போல் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி நிரபராதி. நம் சகோதரரின் காரில் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. ஆகவே அந்தப் புதிய பேட்டரிக்குச் செலவழித்தது வீண்.

அடுத்து, சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து டேஷ்போர்டைப் பாருங்கள். செக் இஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் இஞ்சினின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகவில்லை, மெயின் ரிலே, ஃபியூஸ், சாவி போடும் இக்னிஷன் ஸ்விட்ச் இவற்றில் தேட வேண்டும். ரிலேயின் உள்ளே சாலிடர் வைத்த இடத்தில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தால், வெயிலில் விரிந்து துண்டித்துக்கொள்ளும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். 1980களிலும் 90களிலும் வந்த ஹோண்டா கார்களில் இது பெயர்போன கோளாறு. சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு வேகமாக மின்னினால், கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

பிறகு பம்ப். சாவியை ஆன் செய்தவுடன் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்து நிற்கும். ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒருவரைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். சத்தம் வரவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, அதன் வயர். சத்தம் வந்தால் பம்ப் சுற்றுகிறது என்பது உறுதி. அழுத்தம் போதுமா என்பதை மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும், அது மெக்கானிக்கின் வேலை. பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது பலமாகக் காற்றை உறிஞ்சும் சத்தம் வந்து, அதன்பின் உடனே கார் ஸ்டார்ட் ஆனால் டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கலாம்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். பெரும்பாலான கார்களில் அது சற்றே எழுந்து ஆடும். இஞ்சின் சுற்றுவதை கிராங்க் சென்சார் என்ற சிறு பொருள் கம்ப்யூட்டருக்குச் சொல்வதால்தான் அந்த ஆட்டம். அந்தச் செய்தி வராவிட்டால் கம்ப்யூட்டர் இஞ்சின் நின்றுகிடப்பதாக எடுத்துக்கொண்டு பெட்ரோலையும் விடாது, தீப்பொறியையும் விடாது. நீண்ட நேரம் செல்ஃப் அடித்தும் சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடையே இல்லாதிருப்பது இதோடு பொருந்தும். வாடை பலமாக வந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை என்று காயில் பக்கம் திரும்பலாம்.

கடைசியாக, எப்போது நிற்கிறது என்ற குறிப்பு. தவரான் இங்கேதான் வேலை செய்யும். மழையில் மட்டும் என்றால் காயிலும் அதன் வயர்களும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது என்றால் தளர்ந்த வயர் அல்லது இக்னிஷன் ஸ்விட்ச். டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது வளைவில் திரும்பினால் என்றால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சிக்னலில் காலை எடுத்ததும் நின்று, உடனே மறுபடி பிடித்துக்கொண்டால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், அது வேறு வகை. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய பின் நின்று, ஆறியதும் பிடிக்கிறது என்றால் சூட்டில் அறுந்து குளிரில் ஒட்டும் மின்பொருள்களே முதல் சந்தேகத்துக்குரியவை: கிராங்க் சென்சார், காயில், ரிலே, பம்ப் மோட்டார்.

அவருடைய காரில் கிடைத்த விடை

இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, அடுத்த முறை நிற்கும்போது கோபப்படாமல் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரத்தில் கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் போகும் வழியில் கார் நின்றிருக்கிறது. அவர் குறிப்பு இதுதான்: பிற்பகல், கடும் வெயில், நாற்பது நிமிட ஓட்டம். இஞ்சின் நின்ற கணத்தில் கார் இன்னும் கியரில் உருண்டுகொண்டிருக்க, ஆர்பிஎம் முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. செல்ஃப் சுற்றியது, முள் அசையவில்லை. செக் இஞ்சின் விளக்கு எரிந்தது. பம்ப் சத்தம் கேட்டது. பெட்ரோல் வாடை இல்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது.

கியரில் உருளும் காரில் சக்கரங்களே இஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போதும் முள் பூஜ்யம் காட்டினால், இஞ்சின் சுற்றும் செய்தி வந்து சேரவில்லை. விளக்கு எரிந்ததால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இருக்கிறது. நீக்க வேண்டியதை நீக்கினால் எஞ்சுவது கிராங்க் சென்சாரும் அதன் வயரும். தாளைப் பார்த்த மெக்கானிக் சென்சாரைக் கழற்றி, சூடான காற்றைக் காட்டி மீட்டரில் பார்த்தார். ஆறியிருந்தபோது ஒழுங்காக இருந்த இணைப்பு, சூடேறியதும் முற்றாக அறுந்தது. ஆற விட்டார், திரும்ப வந்தது. சூட்டோடு வந்து சூட்டோடு போகும் கோளாறு கண்முன்னே நிரூபணமானது. மாற்றப்பட்ட பொருள் கட்டைவிரல் அளவுதான்.

ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். பி0335 என்ற எண் வந்தால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. சுற்று என்றால் சென்சாராகவும் இருக்கலாம், எலி கடித்த வயராகவும் இருக்கலாம். இரவில் தெருவோரம் நிறுத்தும் நம் ஊர்க் கார்களில் எலியை மறந்துவிட்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. விட்டு விட்டு வரும் கோளாறில் எந்த எண்ணும் பதிவாகாமலே போவதும் உண்டு. பழைய எண்களை அழிப்பதற்கு முன் எழுதிவைக்கச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது, அங்கே தீப்பொறியே கிடையாது. டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, குழாய் இணைப்புகளில் காற்று புகுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிராங்க் சென்சார் மட்டும் புதிய வகை டீசல் வண்டிகளிலும் உண்டு.

காசு செலவழிக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். 2020 ஜூலையில் மாருதி சுஸுகி பெட்ரோல் பம்பில் குறை இருக்கலாம் என்று 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தந்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டாவும் இதே காரணத்துக்காக இந்தியாவில் 65,651 கார்களை அழைத்தது. பழைய கார் வாங்கியவர்களுக்கு இந்த அழைப்பு வந்து சேருவதில்லை, கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

சாவிக்கொத்தையும் சற்றுக் குறையுங்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் தளர்ந்த இக்னிஷன் ஸ்விட்ச், கனமான சாவிக்கொத்தின் பாரத்திலோ குலுக்கலிலோ ஓடும்போதே ஆஃப் பக்கம் திரும்பிவிட்டது. இஞ்சின் நின்றதோடு ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. நிறுவனத்தில் சிலருக்கு இது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் 2014இல்தான் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை அந்த ஸ்விட்சின் கணக்கில் ஏற்றுக்கொண்டது. தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விற்பவர் சொல்ல வேண்டியது

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டதும், அந்த வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. மழை நனைத்தது என்று அவர் காரணம் சொன்னார். காரணம் உண்மைதான். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்பதே குற்றம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாத, நாற்பதாவது நிமிடத்தில் வரும் கோளாறு அந்தக் குவியலின் உள்ளே இருக்கும் ஈரம்தான்.

'இருக்கிற நிலையில் விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதுமா என்றும் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பு நீக்கிக்கொள்ளும் நிபந்தனை செல்லும். அப்படி இருந்தும், தெரிந்தே மறைத்த பாவம் அந்தக் கையெழுத்தால் நீங்காது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நிபந்தனை கார் போன்ற பொருளில் செல்லாது. கால்நடையில், அதுவும் விற்றவருக்கே தெரியாத உள்குறைக்கு மட்டும்தான் விலக்கு. கார் விற்கும்போதே இருந்த குறை பிறகு தெரிய வந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. தெரிந்ததும் தாமதிக்காமல் அவர் அதைக் கோர வேண்டும்.

சரிசெய்துவிட்ட பிறகு விற்றால்? நீங்கிவிட்ட குறையைச் சொல்வது கடமையல்ல. ஆனால் நீங்கியது உறுதியாகத் தெரிய வேண்டும், பத்து நாள் ஓடியது உறுதி ஆகாது. என்ன மாற்றப்பட்டது, எந்தத் தேதியில் என்ற பில்லைக் கொடுத்துவிட்டால் வாங்குபவருக்கும் பயன்படும். இடையில் நிற்கும் புரோக்கருக்கும், காரைப் பற்றி முன்பே தெரிந்த மெக்கானிக்குக்கும் இதில் பங்கு இருக்கிறது. விற்பவர் மறைக்கிறார் என்று தெரிந்த மூன்றாம் நபரும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பதையே ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்கள் எழுதியிருக்கின்றன.