புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் தொழிற்பேட்டை உண்டு, கடல் இல்லை. வங்கக் கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இவ்வூரில் ஒருவர் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, இரண்டு கோமாளி மீன்களை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை காலையில் மீனின் துடுப்பில் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அவர் கடைக்கு ஓடி, நீல நிற மருந்து ஒரு புட்டி வாங்கிவந்து தொட்டியில் ஊற்றுகிறார். வெள்ளிக்கிழமை பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை! மருந்தின் பெருமையை நண்பர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்கிறார். இரண்டு வாரங்கள் செல்வதற்குள் மீன்களின் உடல் முழுதும் புள்ளிகள். செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்கின்றன. மறுநாள் ஒரு மீன் மிதக்கிறது.

நடந்தது என்ன? நல்ல மருந்து பிறகு கெட்டுப்போயிற்றா? இல்லை. அந்த மருந்தை ஊற்றாமல் இருந்திருந்தாலும் வெள்ளிக்கிழமை புள்ளிகள் மறைந்தே இருக்கும். நோய்க் கிருமி சாகவில்லை. மீனை விட்டு இறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கிருமி ஒரு செல் உயிரி. பாடநூலில் நீங்கள் படம் வரைந்த பாரமீசியத்தைப் போலவே உடலெங்கும் குற்றிழைகள் கொண்டது. இதனை 1937-இல் ஜப்பானில் சிக்காமா என்பவர் விவரித்தார். 1951-இல் லண்டனில் பிரௌன் என்பவர் 'கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்' என்று பெயரிட்டார். கடல் மீனின் வெள்ளைப்புள்ளி நோய் என்பது இதனால் வருவதே. 1990-களில் நம் கடற்கரை இறால் பண்ணைகளைக் கலங்கடித்த வெள்ளைப்புள்ளி நோய் வேறு. அது ஒரு வைரஸ். பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாம் காணும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அதன் செல்களைத் தின்று கொழுக்கும் ஓர் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாட்கள் அங்கே இருக்கும். பிறகு தானாகவே வெளியேறித் தொட்டியின் அடியில் மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொள்ளும். உறைக்குள் செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகும். குறைந்தது மூன்று நாட்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள், சில வேளைகளில் ஒரு மாதமும் கழித்து உறை வெடிக்கும். அதுவும் எப்போது தெரியுமா? பெரும்பாலும் விடியலுக்கு முன், இருளில்! அப்போதுதான் மீன்கள் அடிமட்டத்திற்கு அருகே அசையாமல் உறங்குகின்றன. வெளிவரும் குஞ்சுச் செல்கள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் இறந்துபோகும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. இரண்டு மீன்களிலும் சேர்த்து 20 புள்ளிகள். ஓர் உறையிலிருந்து 200 குஞ்சுகள் என்று கொண்டால் 4000. மன்னார் வளைகுடாவில் இந்த 4000-மும் கடல் முழுதும் சிதறிவிடும். மிகச் சிலவற்றுக்கே மீன் அகப்படும். 100 லிட்டர் தொட்டியிலோ லிட்டருக்கு 40 வீதம் அவை மீனைச் சூழ்ந்து நிற்கும். கடலில் சிறு தொல்லையாக இருப்பது தொட்டியில் கொலைகாரனாக மாறுவது இதனால்தான். மீனைக் கொல்வதும் நாம் பார்க்கும் துடுப்புப் புள்ளிகள் அல்ல; செவுளுக்குள் இருக்கும், நாம் பார்க்காத புள்ளிகள்.

நோயை அறிவது எப்படி?

மூச்சு வாங்கும் மீனைக் கண்டால் முதலில் சோதிக்க வேண்டியது மீனை அன்று, நீரை. 25° செ. வெப்பநிலையில் நன்னீர் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் கடல்நீரில் கரைவது சுமார் 6.7 மி.கி. மட்டுமே. வெப்பம் 30° செ.-ஐத் தொட்டால் அது 6.2 ஆகக் குறையும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று காற்றுப் பம்பும் ஓயுமானால், நோயே இல்லாத மீனும் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து தவிக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் இதே தோற்றத்தைத் தரும். இவை இரண்டும் இல்லை என்று உறுதியான பின்னரே ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும்.

புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அளவில், எண்ணத்தக்கவையாக இருந்தால் பெரும்பாலும் நம் ஒட்டுண்ணிதான். எண்ணவே முடியாதபடி மெல்லிய பொன்தூள் பூசினாற்போல இருந்து, மீன் வேகமாக மூச்சு விட்டால் அது வெல்வெட் நோய். வேறொரு உயிரியால் வருவது, ஓரிரு நாட்களிலேயே கொல்லக்கூடியது. துடுப்போரத்தில் காலிஃபிளவர் போன்ற கட்டி வாரக்கணக்கில் அதே இடத்தில் இருந்தால் அது ஒரு வைரஸ் நோய். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆகவே ஒரு தாளில் மீனின் படத்தை வரைந்து, நாள்தோறும் புள்ளிகளைக் குறித்து வாருங்கள். இடம் மாறும் புள்ளியும் மாறாத புள்ளியும் இரு வேறு நோய்களைச் சொல்லும். பள்ளி நுண்ணோக்கி கிடைக்குமாயின், பழக்கமுள்ள ஒருவர் மீனின் தோலிலிருந்து மெல்ல வழித்தெடுத்த கோழையை அதன் அடியில் வைத்துப் பார்க்கலாம். மெதுவாக உருளும் உருண்டையான செல்லும், அதனுள் நான்கு மணிகளைக் கோத்ததுபோன்ற உட்கருவும் தெரிந்தால் ஐயமே இல்லை.

சிகிச்சை

தோலுக்கடியில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணியை நீரில் ஊற்றும் மருந்து தொடுவதில்லை. மீனின் தோலே அதற்குக் கவசம். எனவே பயன் தரும் முறைகள் எல்லாம், அது மீனுக்கு வெளியே இருக்கும் வேளையையே குறி வைக்கின்றன. இம்முறைகளை வேறொரு வெறும் தொட்டியில்தான் செய்யவேண்டும். ஏனெனில் கடல் சாமந்தி, பவளம், இறால் போன்றவற்றைத் தாமிரமும் கொல்லும், உப்புக் குறைவும் கொல்லும்.

தாமிரம் நீந்தும் குஞ்சுகளைக் கொல்கிறது. தேவையான அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி.; இரண்டு மூன்று வாரங்கள் இந்த அளவு குறையவும் கூடாது, ஏறவும் கூடாது. 100 லிட்டருக்கு 20 மி.கி. தாமிரம் என்றால் மயில்துத்தம் ஏறக்குறைய 79 மி.கி. வேண்டும் (அதன் எடையில் நான்கில் ஒரு பங்கே தாமிரம்). எந்த வீட்டுத் தராசு 79 மில்லிகிராமை நிறுக்கும்? 7.9 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதிலிருந்து 10 மில்லிலிட்டர் எடுத்தால் வேலை முடிந்தது. மயில்துத்தம் நஞ்சு, பெரியவர் ஒருவர் உடனிருந்து, சோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளக்காமல் இதில் இறங்கவே கூடாது.

எனக்குப் பிடித்தது உப்பைக் குறைக்கும் முறை. இயற்பியல் ஆசிரியனுக்கு மீன் மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள், இங்கேதான் வேலை! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் இரத்தத்திலோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. எனவே சவ்வூடு பரவலால் கடல்மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறுகிறது. மீன் கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றி வாழ்கிறது. சுற்றியுள்ள நீரின் உப்பை 14 கிராமாகக் குறைத்தால் மீனுக்கு இந்த உழைப்பு குறையும். ஒட்டுண்ணிக்கோ அத்தகைய உறுப்புகள் இல்லை. உறைக்குள் இருக்கும் செல்லினுள் நீர் புகுந்து அதனைச் சிதைத்துவிடும். 16 கிராமுக்கு மேல் போனால் சில பிழைத்துக்கொள்ளும். தைவானில் இதைவிடக் குறைந்த உப்பிலும் வாழும் வகைகள் காணப்பட்டுள்ளன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இம்முறை எங்கும் எப்போதும் வெல்லும் என்பதற்கில்லை.

35-ஐ 14 ஆக்குவது எளிதா? தொட்டியில் 20 லிட்டரை இறைத்துவிட்டு 20 லிட்டர் நன்னீர் ஊற்றினால் 28 கிராம். மீண்டும் செய்தால் 22.4. மூன்றாம் முறை 17.9. மூன்று முறைகளில் 60 லிட்டர் மாற்றிவிட்டோமே, மீதி 40 விழுக்காடு, 14 கிராம்தானே என்று நினைப்பவர் ஏமாறுவார்! இரண்டாம் முறை இறைத்த நீரில் முதல் முறை ஊற்றிய நன்னீரும் கலந்து போய்விட்டதல்லவா? நான்காம் முறைதான் 14.3 கிடைக்கும். இதை இரண்டு நாட்களில் பரப்பிச் செய்யவேண்டும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் முன்னதாக நீக்கிவிட வேண்டும்.

அடுத்த பொறி திரவமானியில் இருக்கிறது. பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியின் உறவினர்தான் இது. 15° செ.-க்கென்று குறியிடப்பட்ட திரவமானியை நம் ஊரில் 28° செ. நீரில் மிதக்கவிட்டால், நீர் விரிந்து அடர்த்தி குறைந்திருப்பதால் கருவி சற்று அதிகமாக அமிழும். ஒப்படர்த்தியை ஏறக்குறைய 0.003 குறைத்துக் காட்டும். சிறு எண்தானே என்று தள்ளிவிடாதீர்கள். அது லிட்டருக்கு 4 கிராம் உப்புக்குச் சமம். 14 என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் 18; ஒட்டுண்ணி உள்ளே சுகமாக வளர்ந்துகொண்டிருக்கும். கருவியின் மேல் உப்புப் படிந்திருந்தாலும் இதே திசையில்தான் தவறும்.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. நாளுக்கு 2 லிட்டர் குறைந்தால் ஒரே வாரத்தில் 14.3 என்பது 16.6 ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறையும் நீரை அன்றன்றே நன்னீரால் நிரப்பவேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பின் மூன்று, நான்கு வாரங்கள் வரை இந்நிலை தொடரவேண்டும்.

மருந்தும் வேண்டாம், திரவமானியும் வேண்டாம் என்பவர்க்கு ஒரு வழி உண்டு. இஸ்ரேலின் எய்லாத் நகரில் கொலோர்னி என்பவர் 1987-இல் வெளியிட்டது. வெளியேறிய செல் உறைக்குள் குறைந்தது மூன்று நாட்கள் இருந்தாக வேண்டும். அந்த மூன்று நாட்கள் முடியும்போது மீனை வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட்டால்? குஞ்சுகள் வெளிவரும்போது அங்கே மீன் இருக்காது. இவ்வாறு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை மாற்றினால், ஏழு நாட்களுக்குள் இறங்கியே ஆகவேண்டிய ஒட்டுண்ணிகள் அனைத்தும் பின்தங்கிப் போகும். காலியான பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவைக்க வேண்டும். அதற்கு நம் ஊர் வெயில் போதும். வலையையும் அப்படியே.

செலவு உப்பில்தான். 40 லிட்டர் பாத்திரத்திற்கு ஒரு முறைக்கு 1.4 கிலோ, நான்கு முறைக்கு 5.6 கிலோ. சமையல் உப்பு உதவாது. கடல் உப்பில் மக்னீசியம், கால்சியம், சல்ஃபேட் ஆகியவையும் உண்டு. கடல் உப்புக் கலவை என்று விற்பதையே வாங்கவேண்டும்.

மீன் குணமாகிறது, பழைய தொட்டி? அங்கே உறைகள் இன்னும் காத்திருக்கின்றன. 72 நாட்கள் கழித்து வெடித்த உறையும் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தத் தொட்டியில் அதுவரை ஒரு மீனும் இருக்கலாகாது. கடல் சாமந்தியும் நண்டும் இருக்கலாம், அவற்றை இந்த ஒட்டுண்ணி தீண்டாது. இன்று கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே வளர்க்க முடிகிறது. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இத்துறையில் பல்லாண்டுகளாக உழைத்துவருகிறது. அத்தகைய மீனை வாங்கினாலும், கடையில் அது கடலில் பிடித்த மீன்களுடன் ஒரே நீரில் இருந்திருக்கக்கூடும். புதிதாக வரும் எந்த மீனையும் முதலில் தனிப் பாத்திரத்தில் வைத்து, புள்ளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த நான்கு மாற்றங்களை முடித்த பிறகே தொட்டியில் விடவேண்டும்.