கம்பிக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு அங்குலம்

மணமேல்குடிப் பக்கம் கடலோரத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் பயப்படுவது காற்றுக்குத்தான். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கிவிட்டுத்தான் போனது. கீற்றும் ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் பறந்தன, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. 'தளம் போட்ட வீடு' அதன் பிறகு வசதி என்பதைத் தாண்டி அவசியமாகிவிட்டது. குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள 3.5 லட்சம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டமும் 2024இல் வந்தது. வீட்டின் அளவு குறைந்தது 360 சதுர அடி.

கான்கிரீட் தளம் காற்றைத் தாங்கும். தாங்காதது இன்னொன்று இருக்கிறது. அது புயலைப் போல ஒரே இரவில் வராது. பத்து, பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அதன் வேலையை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். வீடு பார்க்கப் புதிதாக இருக்கும், பெயின்ட் மங்கியிருக்காது, ஆனால் சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும். வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுவார், கொத்தனார் சிமென்ட் கம்பெனியைத் திட்டுவார். உண்மையில் வேலையைக் காட்டியது உப்பு.

உப்பு கான்கிரீட்டை நேரடியாகத் தின்பதில்லை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கடலுக்குள்ளேயே கட்டிய துறைமுகச் சுவர்கள் சில இன்றும் கிடக்கின்றன. நம் பக்கத்திலேயே தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் ஊரே அழிந்த பிறகும், பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நின்றன. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச்சட்டத்தையும் அதில் அறைந்த ஆணியையும்கூடச் சிற்பிகள் கல்லிலேயே செதுக்கிவைத்தார்கள். கல் ஆணிக்கு ஏது துரு! இவற்றில் எதற்குள்ளும் இரும்புக் கம்பி இல்லை.

நாம் கம்பி இல்லாமல் கட்ட முடியாது. கான்கிரீட்டை அழுத்தினால் மலை போலத் தாங்கும், இழுத்தால் அந்தப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தளத்தின் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே கீழே வளையப் பார்க்கிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளத்தான் கம்பி. பூந்தொட்டி உடையாமல் இருக்கக் கம்பிவலை வைத்து வார்த்த பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே 1867இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவது இயற்கை கொடுத்த அதிர்ஷ்டம். இல்லையென்றால் நம் சித்திரை வெயிலில் ஒவ்வொரு தளமும் தானாகப் பிரிந்துவிடும்.

இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளிவருகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் நிற்கும் நீர் கடுமையான காரத்தன்மையோடு இருக்கிறது, அதன் பிஎச் அளவு 12.5க்கும் மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, துருப்பிடிக்காமல் காக்கிறது. மதுரையில் கட்டிய தளம் நெடுங்காலம் நிற்பதற்கு இந்தப் படலமே காரணம்.

கடலோரத்தில் அந்தப் படலத்தை உடைப்பது உப்பிலுள்ள குளோரைடு. ஓரிடத்தில் ஊசிமுனை அளவு உடைந்தால் போதும், அங்கே துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று சுவரைப் பிளப்பதைப் போல அது உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெடிப்பு வழியாக மேலும் உப்பும் காற்றும் ஈரமும் நுழைந்துவிட்டால் அப்புறம் வேகம்தான்.

இந்தத் துருவைப் பற்றிப் படிக்கவென்றே நமக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். துரு என்பதே ஒரு மின்வேதி வினைதான் என்பதால் அரிப்பு ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கம்பிக்கு மேல் பூசும் சிமென்ட்-பாலிமர் பூச்சு ஒன்றையும் அது உருவாக்கியது. நம் கடற்கரையில் உப்பு எவ்வளவு பொல்லாதது என்பதற்குப் பாம்பன் சாட்சி. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் காலமெல்லாம் பெயின்ட் பூச்சும் பழுதுபார்ப்புமாகவே வாழ்ந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் எவர்சில்வர் வகைக் கம்பியையே கான்கிரீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு எவர்சில்வர் கம்பி வாங்க நம்மால் ஆகாது. ஆகாமல் போனாலும் பாதகமில்லை. மணமேல்குடிக் கடல் பாக் நீரிணைக் கடல், அலை குறைந்த ஆழமில்லாக் கடல். அலை உடைந்து தெறிக்கும் திவலைதான் காற்றில் உப்பை ஏற்றுகிறது என்பதால், திறந்த கடலோரத்தைவிட இங்கே ஓரளவு தயவு உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலைத் தடவிக்கொண்டு நேரே வீட்டு முகப்பில் வந்து மோதும். கரையிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றின் உப்பு வேகமாகக் குறையும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே கட்டுகிறவருக்கும் மீனவர் குடியிருப்பில் கட்டுகிறவருக்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. (கரையிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்ட அனுமதி என்பதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. கடக்கால் தோண்டும் முன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.)

காற்றில் வரும் உப்புக்கு முன்னால், நாமே கையால் உள்ளே போடும் உப்பைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலான கடலோர வீடுகளின் விதி கலவை போடும் நாளிலேயே எழுதப்படுகிறது. வீட்டுமனையில் போர் போடுவார்கள். தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். "குடிக்கிற தண்ணியா என்ன, கலவைக்குத்தானே" என்பார்கள். கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வேறு வழியில்லாத இடத்தில் குடிநீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரைடு வரை பொறுத்துக்கொள்கிறது இந்தியத் தர நிர்ணயம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் ஐஎஸ் 456 விதிநூல் அனுமதிப்பது 500தான். மனிதன் குடித்துப் பிழைக்கும் தண்ணீர் கம்பிக்கு ஆகாமல் போகலாம்! கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு அதே விதிநூல் 2000 வரை விடுகிறது. பிரச்சினை கம்பியில்தான் என்பது இதிலேயே தெரியும்.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. முப்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல் நீர் கலந்தாலே வரம்பு தாண்டிவிடும். இந்த அளவை நாக்கு சரியாகச் சொல்லாது. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ, பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலோ கொடுத்து 'குளோரைடு எவ்வளவு' என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்குச் செய்யும் செலவுகளிலேயே மலிவானது இதுதான். மணலும் அப்படியே. கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. கழுவிவிட்டால் போயிற்று என்பவர்கள், கழுவ நல்ல தண்ணீர் எத்தனை லாரி வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதில்லை. எம்-சாண்ட் வாங்கினாலும் அதைக் கடலோரத் தரையில் கொட்டிவைத்து அடிமண்ணோடு வாரக் கூடாது. லட்சத்தீவில் ஜல்லியும் மணலும் கப்பலேறித்தான் வரவேண்டும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, லாரி வாசலுக்கே வருகிறது.

அடுத்தது தண்ணீரின் அளவு. கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டை 'கடுமையான சூழல்' என்று வகைப்படுத்தி, எம்30 தரமும் கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்டும் கேட்கிறது ஐஎஸ் 456. சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். சிமென்ட் இறுகத் தேவையான அளவுக்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு சொட்டும் பின்னால் உலர்ந்து ஒரு துளையை விட்டுச் செல்கிறது. உப்பு நடந்துவரும் பாதை அதுதான். ஆனால் தளம் போடும் நாளில் இருபது பேர் வரிசையாக நிற்க, மெஷின் சுற்றிக்கொண்டிருக்க, கலவை கெட்டியாக இருக்கிறது என்று மேலேயிருந்து குரல் வரும்: "அண்ணே, இன்னும் ரெண்டு வாளி தண்ணி விடுங்க!" வீட்டுக்காரர் மெஷின் பக்கம் நிற்க வேண்டிய நேரம் அது. கலவை ஓட வேண்டுமென்றால் அதற்கு பிளாஸ்டிசைசர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. தண்ணீரைக் கூட்டாமலே இளக்கம் தரும். சட்டிக்கணக்கில் 1:2:4 என்று போட்டு எம்30 வராது. எடைபோட்டு வடிவமைத்த கலவை வேண்டும், அல்லது ரெடிமிக்ஸ். இரண்டும் முடியாத சின்ன வீட்டிலும், அந்த இரண்டு வாளியை நிறுத்தினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும் என்பேன்.

சிமென்ட் வாங்கும்போது '53 கிரேடுதான் ஸ்ட்ராங்கு' என்று கடைக்காரர் சொல்வார். சீக்கிரம் இறுகும் என்பதால் கொத்தனாருக்கும் அது பிடிக்கும். கடலோரத்துக்கு நான் சொல்வது பிபிசி என்ற சாம்பல் கலந்த சிமென்ட், அல்லது பிஎஸ்சி என்ற கசடு கலந்த சிமென்ட். இவை மெதுவாக இறுகினாலும் நுண்துளைகளை அடைக்கும், உள்ளே வரும் குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்துக் கட்டிப்போடும்.

இனி தலைப்பில் சொன்ன இரண்டு அங்குலம். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் 'கவர்' என்பார்கள். உள்நாட்டில், வெயில் மழை படாத தளத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடலோரக் காற்றுக்கு நேராக இருக்கும் பகுதிக்கு 45, கடல் திவலை தெறிக்கும் பகுதிக்கு 50. மில்லிமீட்டரில் சொன்னால் பெரிதாகத் தெரியாது. ஆனால் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து போகும் நேரம், தூரத்தின் இருமடிக் கணக்கில் ஏறுகிறது. கவரை இரண்டு மடங்காக்கினால் உப்பு கம்பியை எட்ட ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் ஆகும். பத்து வருடம் நாற்பது ஆகிறது. இவ்வளவு மலிவாக ஆயுளை வாங்க வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. 360 சதுர அடித் தளத்தை ஒரு அங்குலம் கூட்டினால் கூடுதலாக வருவது 30 கன அடி கான்கிரீட், ஏறக்குறைய ஆறு மூட்டை சிமென்ட்.

தளத்தின் கனத்தைக் கூட்டாமல் கம்பியை மட்டும் மேலே தூக்கிவிடக் கூடாது. கம்பி மேலே போகப் போகத் தளத்தின் தாங்குசக்தி குறையும். கனம் கூடினால் பாரமும் கூடும், பீமும் பில்லரும் அதைத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கைப் பொறியாளர் போடட்டும்.

நடைமுறையில் கவர் எங்கே கோட்டை விடப்படுகிறது? கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பதற்குப் பதில் ஒரு ஜல்லியையோ உடைந்த டைல்ஸ் துண்டையோ தட்டிவைக்கிறார்கள். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்ததும் அது நகர்ந்துவிடும், கம்பி சென்ட்ரிங் தகட்டிலேயே படுத்துவிடும். கவர் பிளாக்கைக் காசு கொடுத்து வாங்கலாம், அல்லது கலவை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே நல்ல சிமென்டுக் கலவையில் கட்டுக்கம்பி வைத்து வார்த்து நனைத்துவைக்கலாம். கட்டுக்கம்பியின் முனைகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே துரு நுழையும் வாசல். உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். சன்ஷேடில் இன்னொரு கோளாறு. அங்கே இழுப்பு மேல்பக்கம் வருவதால் கம்பி மேலே இருக்க வேண்டும், மிதித்து அடியில் தள்ளிவிடுகிறார்கள். பலமும் போச்சு, கவரும் போச்சு. கடலோர வீடுகளில் முதலில் உதிர்வது சன்ஷேடு என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

தேன்கூடு போல ஓட்டை விழாமல் வைப்ரேட்டர் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நனைப்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறார்கள். பில்லருக்கும் லிண்டலுக்கும் சாக்கு சுற்றிக் காலையில் ஒருமுறை தெளிப்பதோடு சரி. சாம்பல் சிமென்டுக்கு இரண்டு வாரம் ஈரம் காயாமல் இருந்தால்தான் மேல்தோல் இறுகும். கவர் என்பதே அந்த மேல்தோல்தானே. நனைக்கும் தண்ணீரும் உப்பில்லாத தண்ணீராக இருக்க வேண்டும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நனைப்பதற்குப் போர்த் தண்ணீரைத் திருப்பிவிடுகிறவர்கள், கான்கிரீட் இன்னும் துளைகள் மூடாமல் இருக்கும் நாட்களில் அதற்கு உப்பு ஊட்டுகிறார்கள்.

எபாக்சி பூசிய கம்பி, நாகம் பூசிய கம்பி, கண்ணாடியிழைக் கம்பி என்று சந்தையில் நிறைய வருகின்றன. கண்ணாடியிழைக்குத் துருவே கிடையாது, ஆனால் மனையில் வைத்து வளைக்க முடியாது. எபாக்சிப் பூச்சு இறக்கும்போது கீறிவிட்டால், அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவியும். கலவையும் கவரும் சரியாக இல்லாத இடத்தில் இவற்றுக்குக் காசு போடுவது வீண்.

ஏற்கெனவே உதிரத் தொடங்கிய வீடு இருந்தால், பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி மூடுவதுதான் வழக்கம். சில வருடங்களில் பூசிய இடம் நன்றாக இருக்கும், அதை ஒட்டிய இடம் பெயரும். கொத்தனார் மேல் தப்பில்லை. பழைய இடத்தில் துருப்பிடித்துக்கொண்டிருந்த கம்பி, மின்வேதியியல்படி தன் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைப் புதுக் கலவையால் மூடியதும், உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பியின் முறை வருகிறது. அதனால் தளர்ந்த இடத்தோடு நிற்காமல், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கும் பக்கவாட்டில் துரு இல்லாத கம்பி தெரியும் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிப் பிறகுதான் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தளம் போட தையையும் மாசியையும் பார்த்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கிணற்றிலும் போரிலும் உப்பு குறைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வைகாசியில் போட்டால் அதிகம் நனைக்க வேண்டிவரும், அப்போதுதான் தண்ணீர் அதிகமாகக் கரிக்கும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதென்றால் அந்தக் கோடையிலும் ஒருமுறை கொடுங்கள். மழைக்குப் பின் வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு வைகாசியில் கலவை போட முடியாது.